பொழியூரில் எடுத்த குரூப் போட்டோ

இன்று காலை வலியசாலையிலிருந்து ஆறு பைக்கில் கடலோரமாகக் கிளம்பினோம். நல்ல இடம் கண்டால் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பது எங்கள் வழக்கம்.

பொழியூரில் கடலை ஒட்டி ஒற்றைச் சுவர் நின்றது. நீல டைல்ஸ், பின்னால் அலை.

"இதுதான் பேக்ரவுண்டு, கேட்டியா" என்றான் ஹரி.

படம் எடுத்து, எங்கள் பைக் குரூப்பின் பேஜில் போட்டும் ஆயிற்று. அதுவரை ஓரமாகக் காத்து நின்ற ஒரு அக்கா பக்கத்தில் வந்தார்.

"மக்களே, வண்டிய கொஞ்சம் அங்கோட்டு மாத்துங்க. இது எங்க அடுக்களையாக்கும். கடல் எடுத்தது போக மிச்சம் உள்ளத பெறக்கணும்."

யாருக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்ய மனம் வரவில்லை. ரோடு வரை தள்ளிக்கொண்டே போனோம்.

படத்துக்குக் கீழே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "செம லொகேஷன், எங்கே?"

என்ன பதில் போட, நீங்களே சொல்லுங்கள். ஒரு அக்காவின் அடுக்களை என்றால், யார் அவர் என்பீர்கள். நாங்கள் பேர்கூடக் கேட்கவில்லை.