கந்தோர் மேசையில் அம்மாவின் பெருவிரல்

எங்கள் டவுனில் வெள்ளைக்காரன் கட்டிய கருங்கல் அரசாங்கக் கந்தோரைப் புராதனச் சின்னமாக்க வேண்டுமென்று, கையெழுத்தோ கைநாட்டோ கேட்டு வந்தவர்கள் மைப்பெட்டியைத் திறந்தார்கள். அந்த வாசனையில், பிரஜாவுரிமை மனுவோடு அம்மாவும் நானும் அங்கே நின்ற காலை திரும்பி வந்தது. ஈரக் கம்பளி வாடைக்கும் தகரத்தில் ஓயாத மழைக்கும் நடுவே, தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தேய்ந்துபோன அம்மாவின் பெருவிரல், எத்தனை தரம் உருட்டினாலும் தாளில் வெறும் கறுப்புப் பொட்டாகவே விழுந்தது.

“ரேகையை அழிச்சிட்டு வந்தியா?” என்றார் கிளாக்கர்.

“கொழுந்து எடுக்கிற கைங்க,” என்றாள் அம்மா.

அவர் நம்பவில்லை. அம்மா சாகும்வரை பிரஜையாகவில்லை.

“அந்தக் கட்டடம் இந்த நாட்டுச் சொத்துங்க,” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

“அதுக்கு அது என்ன அத்தாட்சி காட்டுச்சுங்க?” என்று கேட்டேன்.