முன்னாடி ஏதாச்சும் இருக்குதுங்களா?

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட்டுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை என்னுடையது. அளவு தப்பினால்கூட பொறுத்துக்கொள்வேன். தப்பிய அளவைச் சரி என்று எவனாவது சாதித்தால் அன்றைக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான்தான் கொரோனா இரண்டாம் அலையின்போது கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

என் மனைவிக்கு அதற்கு மூன்று வருடம் முன்பே இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கக் காலையும் ராத்திரியும் மாத்திரை. ஒரு வேளைகூட விடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. காரில் ஏற்றிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வண்டிகள். முன்னால் தன் அப்பாவோடு காத்திருந்த ஒருவர் என் கார் ஜன்னலில் குனிந்தார்.

"ஏனுங்க, ஹார்ட்டு, சுகருன்னு வாயத் தொறந்து சொல்லிப்போடாதீங்க. பொழைக்கறவங்களுக்குத்தான் பெட்டுங்களாமா."

யார் சொன்னது என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த ஃபைலை சீட்டுக்கு அடியில் தள்ளினேன். மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பின் சீட்டில் சாய்ந்திருந்தவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பேச மூச்சு இல்லை.

உள்ளே பதிவு மேஜையில் இருந்த பெண் கேட்டாள்.

"முன்னாடி ஏதாச்சும் இருக்குதுங்களாண்ணா? பிரஷர், சுகர், ஹார்ட்டு?"

"ஒண்ணுமே இல்லீங்க. கல்லாட்டம் இருந்தவங்க."

பெட் கிடைத்தது. நம் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது மாத்திரை அட்டை கீழே விழுந்தது. அவள் ராத்திரி போட வேண்டிய மாத்திரை என்னிடம் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

தினமும் மத்தியானம் டாக்டர் போன் செய்வார். முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் சொல்லவில்லை. சொன்னால் கட்டிலைப் பறித்துக்கொள்வார்களோ என்ற பயம். சொல்லாவிட்டால் மாத்திரை இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம். பட்டறைப் பையன்கள் யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால் அதற்கும் வெட்கம்.

மூன்றாம் நாள் டாக்டர் சொன்னார்.

"நுரையீரல் கொஞ்சம் தேவலைங்க. ஹார்ட்டுத்தான் அடி வாங்கியிருக்கு. இந்த நோய்ல ரத்தம் கட்டி கட்டியா உறையுதுங்க. பலமா இருக்கற ஹார்ட்டே திணறும்."

இதற்கு மேல் முடியவில்லை. போனில் கத்தியே விட்டேன்.

"பொய் சொல்லிப்போட்டேனுங்க! அவளுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்குதுங்க. மாத்திரை எங்கிட்ட இருக்குதுங்க. இப்பவே கொண்டாறேன், பெட்ட மட்டும் எடுத்துப்போடாதீங்க!"

டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

"தெரியுமுங்க. வந்த அன்னைக்கே சிஸ்டர்கிட்ட அவங்களே சொல்லிட்டாங்க. மாத்திரை குடுத்துட்டுத்தான் இருக்கோம். அதுக்காக யாரும் பெட்ட எடுக்க மாட்டாங்க."

நிம்மதி கொஞ்சம்தான், மானக்கேடு மலையளவு. அவளிடம் பேச வேண்டும் என்று கெஞ்சினேன். மறுநாள் காலையில் நர்ஸம்மா போனை அவள் காதில் வைத்தார்.

"அம்மணி, எம்மேல கோவமா?"

"இல்லீங்க." மூச்சுக்கு ஒரு சொல்லாக வந்தது. "அவரு... பதட்டத்துல... மறந்துட்டாருன்னு... சொல்லியிருக்கேனுங்க. யாராச்சும் கேட்டா... நீங்களும் அப்படியே... சொல்லிப்போடுங்க."

அந்த நிலைமையிலும் என் மானத்தைக் காப்பாற்றத்தான் மூச்சைச் செலவழித்திருக்கிறாள், பாவி மகள்.

ஆறாம் நாள் காலை அவள் இதயம் நின்றுவிட்டது. மாத்திரை ஒரு வேளைகூடத் தப்பவில்லை என்றும், ஏற்கெனவே பழுதான இதயத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்றும் டாக்டர் சொன்னார். நம்புகிறேன். ஆனால் அந்த முதல் நாள் அவள் சொல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விடவில்லை.

உடலை வாங்க அதே மேஜைக்குப் போனேன். அன்று வேறொரு பெண் இருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"முன்னாடி ஏதாச்சும் இருந்துச்சுங்களாண்ணா?"

சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன்னால் மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்டென்ட் வைத்தது, காலையில் எந்த மாத்திரை, ராத்திரி எந்த மாத்திரை, மாடிப்படி ஏறினால் எத்தனையாவது படியில் நிற்பாள், எல்லாம் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

"போதுங்கண்ணா" என்றாள் அந்தப் பெண். "ஹார்ட்டுன்னு எழுதிக்கிட்டேன்."