சடையன் கொண்டுவந்த ஸ்டேஷன்

ஸ்டேஷன் வரப்போகிறது என்ற செய்தி ரேணுகாம்பாளுக்கு மூன்றாம் வாய் வழியாகத்தான் வந்தது. கலெக்டர் ஆபீசில் டீ கொடுப்பவன், இரண்டு அதிகாரிகள் பேசிக்கொண்டதைக் கேட்டானாம். அவன் ரவிக்கை தைக்கும் சரசுவிடம் சொன்னானாம். சரசு கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டே, "நம்ம அடி அண்ணாமலையில ஸ்டேஷன் வருதாம்க்கா" என்றாள். "வந்தா வரட்டும்" என்று ரேணுகாம்பாள் மல்லாட்டைச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் பேச்சுவாக்கில் அதைத் தம்பி சடையனிடம் சொன்னாள். அதோடு பிடித்தது சனி.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷத்திலிருந்தே சடையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊர் தலைநகராகிவிட்டது, தான் மட்டும் இன்னும் சடையனாகவே இருக்கிறோமே என்ற துக்கம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் செருப்புக் கொட்டகை போட்டான். போட்ட ஜோடி போட்டபடி யாருக்கும் திரும்பக் கிடைத்ததில்லை. பிறகு ரமணாசிரமத்துப் பக்கம் மாட்டுக்கொட்டகை ஒன்றுக்கு வெள்ளையடித்து, 'தியான காட்டேஜ்' என்று ஒரு ஜெர்மன்காரருக்கு வாடகைக்கு விட்டான். பழைய குடித்தனமான மாட்டு உண்ணிகள் காலி செய்யவில்லை, ஜெர்மன்காரர் செய்தார். எதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாதவன் கடைசியில் போய் நிற்கிற இடம் மனை வியாபாரம். சடையனும் அங்கே போய் நின்றான்.

ஸ்டேஷன் என்றதும் அவன் கண்ணுக்கு மெட்ராஸ் மின்சார ரயில்தான் தெரிந்தது. பஸ் ஏறிப் போய்த் தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு பகல் நின்றான். திரும்பும்போது நகரமைப்பு நிபுணனாகத் திரும்பினான்.

"மொதல்ல ஸ்டேஷன்க்கா. அதுக்கப்புறம்தான் ஊரு. அப்பிடித்தான் பிளான் பண்றாங்க. ஸ்டேஷன் எதுர ஆட்டோ ஸ்டாண்டு, மார்க்கெட்டு, அடுக்கு வூடு. காலையில ஏறுனா மெட்ராஸ் பாரீஸ்ல வேலை, சாயங்காலம் அண்ணாமலையார் காலடியில தூக்கம்."

"குடிக்கத் தண்ணி?"

"ஸ்டேஷன் வந்தா அதுவா வரும்."

"கக்கூசு?"

"அதான் ரயில்ல இருக்குதே."

ரேணுகாம்பாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ரயில் ரோடு ஊருக்குக் கெழக்கால கெடக்குது. நாம மலைக்கு மேக்கால குந்தினு இருக்கறோம். ரயிலு இன்னாடா, கிரிவலம் வருமா?"

"வரும். அதுக்கு சர்க்குலர்னு பேரு" என்றான் சடையன், கொஞ்சமும் கூசாமல்.

'ரயில் கிரிவலம்' என்று சொல்லி ஊரே சிரிப்பாய்ச் சிரித்தது. சிரித்த வாயோடு வந்து மனைக்கு முன்பணமும் கட்டியது. வாத்தியார்கள் வந்தார்கள், பாங்க் ஆட்கள் வந்தார்கள், பூகோளம் படித்தவர்களும் வந்தார்கள். மலையைச் சுற்றித் தண்டவாளம் எப்படி வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. டிக்கெட் கவுண்டர் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். ரயில் படம் போட்ட பலகை நட்டு, 'ஸ்டேஷன் வியூ நகர்' என்று எழுதி, மஞ்சள் அடித்த கல்லை வரிசையாக ஊன்றினான் சடையன். ஸ்டேஷன் முன்வாசல் என்று அவன் கைகாட்டிய இடம்தான் ரேணுகாம்பாளின் கிணற்று நிலம்.

அவள் தரமாட்டேன் என்றாள். ஆனால் புருஷன் போனபிறகு பட்டா மகன் சுரேஷ்குமார் பெயரில் இருந்தது. அவன் மஸ்கட்டில் ஏசி கம்பெனியில் வேலை பார்த்தான். வெளிநாட்டில் இருப்பவனுக்கு எப்போதும் ஒரு பயம்: தான் இல்லாத நேரத்தில் ஊர் எங்கோ போய்விடும், தனக்கு அங்கே நிற்க இடம் இருக்காது. அந்தப் பயத்தை மாமன் போனிலேயே மோப்பம் பிடித்தான். "முன்வாசல்ல உனக்கு ஒரு கார்னர் மனைடா மருமவனே" என்றான். மருமகன் நிலத்தை விற்க மாமனுக்குப் பவர் எழுதி அனுப்பிவிட்டான். செங்கம் ரோட்டு லாட்ஜ்காரர் ஒருவர் அந்தக் கார்னரோடு சேர்த்து நிலம் முழுக்க வாங்க வந்தார். வெள்ளிக்கிழமை ராகு காலம் கழிந்ததும் பத்திரம் என்று முடிவானது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஏட்டு இராமலிங்கம் டேப்போடு வந்து ரோட்டோரப் புறம்போக்கை அளந்தார். ரேணுகாம்பாள் சொம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ரயிலு எப்பங்க வரும்?"

"எந்த ரயிலும்மா?"

"ஸ்டேஷன் வருதுன்றாங்களே."

"ஆமா, வருது. நான்தான் வந்து குந்தப் போறேன். பௌர்ணமிக்கு ஜேப்படிங்க ஜாஸ்தியாயிட்டானுங்க இல்ல?" என்று ஏட்டு மீசையில் ஒட்டிய மோரைத் துடைத்தார்.

ஸ்டேஷன் என்றால் நம் ஜனத்துக்கு அடி விழுகிற இடம் முதலில் ஞாபகம் வரும். அது வராமல் போன ஒரே புத்திசாலி அவள் கூடப்பிறந்தவன். ரேணுகாம்பாள் நேரே அவன் வீட்டுக்குப் போனாள். சடையன் இஸ்திரி வேட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

"போலீஸ் ஸ்டேஷனாமேடா."

"தெரியும்க்கா. ஒரு வாரமா தெரியும். ஸ்டேஷன்னா ஸ்டேஷன்தானே?"

"பலகையில ரயிலு வரைஞ்சி வெச்சிருக்கியே?"

"அது ஆர்ட்டிஸ்ட் செஞ்ச தப்பு. நான் எங்கனா ரயில்னு எழுதியிருக்கறனா பாரு."

"லாட்ஜ்காரன்?"

"அவருக்கு டபுள் சந்தோசம். போலீஸ் எதுர லாட்ஜுனா குடும்பத்தோட தைரியமா தங்குவாங்கன்றாரு."

வெட்கப்படுவான் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். வெட்கத்துக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுநாளாகிவிட்டது.

"நெலத்த விக்க வேணாம், அப்பிடியே இருக்கட்டும்னு எம்புள்ள வாயால சொன்னா?"

"சொல்லட்டும். வேட்டிய அவுத்துட்டு வூட்டுலயே குந்திக்கிறேன். ராகு காலம் முடியறவரைக்கும் டைம். அப்புறம் கேக்கக் கூடாது."

மஸ்கட்டுக்குப் போன் போட இருவரும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள். ஆசிரமத்துக்கு எதிரே சந்திரகலாவின் ஐஎஸ்டி பூத். சந்திரகலா எண்களை அழுத்தி ரிசீவரை நீட்டினாள். "ரிங் போவுதுங்க பெரிம்மா."

வெள்ளிக்கிழமை. அங்கே லீவு. ரூமில்தான் இருப்பான், துணி துவைத்துக்கொண்டிருப்பான். இல்லை, கட்டிலில் படுத்துக்கொண்டு கார்னர் மனையில் வீடு கட்டிக்கொண்டிருப்பான். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். ஒருமுறை அடித்து ஓய்ந்தது. "இன்னொரு வாட்டி போடும்மா" என்றாள். சந்திரகலா போட்டாள்.

கண்ணாடிக்கு வெளியே சடையன் ஆட்டோமேல் சாய்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தலை சீவினான். பிறகு சீப்பாலேயே காற்றில் கோடு போட்டு ஆட்டோக்காரனுக்கு எதையோ காட்டினான். கதவிடுக்கு வழியாக அவன் குரல் கேட்டது: "டிக்கெட் கவுண்டரு இந்தப் பக்கம். உன் ஆட்டோ ஸ்டாண்டு அதுக்கு நேர் எதுர."

காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடுடா" என்றாள் ரேணுகாம்பாள்.