மூன்றாவது மானிட்டரின் சிவப்பு

தஹ்சீன் ஜெயித்தவை இவை: இரண்டாம் தடவையில் பத்தாம் வகுப்புக் கணக்கு, எட்டு நாள் அப்பாவோடு பேசாமல் இருந்து வாங்கிய கம்ப்யூட்டர் வகுப்புச் சம்மதம், அதுவரை பெண்களே வேலை செய்யாத தி.நகர் கம்ப்யூட்டர் கடையில் ஓர் இடம். அந்த இடமும் ஆறு மாதத்துக்குத்தான்.

ஆறாவது மாதத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்று, ஒரே கம்ப்யூட்டரில் மூன்று மானிட்டர் கேட்டது. மானிட்டருக்கு ஒன்றாக, உள்ளே மூன்று டிஸ்ப்ளே கார்டுகள்.

"இத்த நீயே டெஸ்ட் பண்ணி அனுப்பு. சரியா போச்சுன்னா வேலை பர்மனென்ட். ரிப்போர்ட்ல உன் கையெழுத்து" என்றார் முதலாளி வடிவேலு. அவள் சோதித்த எல்லாவற்றுக்கும் அதுவரை அவர்தான் கையெழுத்துப் போட்டார்.

ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமை. மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும். இரண்டு மானிட்டர்கள் பளிச்சென்று எரிந்தன. மூன்றாவதில் வெள்ளையெல்லாம் பச்சையும் நீலமுமாகத் தெரிந்தது.

"இன்னாம்மா, நாம மீன் தொட்டியா விக்கிறோம்?" என்றார் வடிவேலு.

"பொறுங்க சார், மாத்திப் பாக்கறேன்."

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். மாற்றியதை உடனே நோட்டில் எழுதுவாள். மூன்றாவது மானிட்டரை முதல் கார்டில் மாட்டினாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. முதல் மானிட்டரை மூன்றாவது கார்டில் மாட்டினாள். மீன் தொட்டி.

"கார்டு போச்சு. இன்னிக்கு வேற எங்க போய்த் தேடறது?" வடிவேலு தலையில் கை வைத்துக்கொண்டார்.

தஹ்சீன் மின்சாரத்தை அணைத்துவிட்டு, கார்டின் துளைகளில் டார்ச் அடித்தாள். சிவப்பு நிறம் வரும் முதல் துளையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது. சோதனை மேசையில் கம்ப்யூட்டரின் முதுகு எப்போதும் வெளிப்பக்கம் இருக்கும். பூஜையன்று வடிவேலு ஒவ்வொரு கார்டுக்கும் தன் கையால் பொட்டு வைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. சாமி விஷயம். அவள் எப்படிச் சொல்வது?

"சார்... சந்தனம் கொஞ்சம் உள்ள போயிருக்கு."

அவர் எட்டிப் பார்த்தார். முகம் இறுகியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கரெக்டா ஓட்டையில வெச்சிருக்கேன் பாரு! எடும்மா, சாமி ஒண்ணியும் கோச்சிக்காது."

தையல் வேலை செய்யும் அக்கா அஃப்சருன்னிசா, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவள் கைப்பையில் எப்போதும் ஓர் ஊசி குத்தி அனுப்புவாள். தஹ்சீன் அதை வைத்துப் பொறுமையாகச் சுரண்டினாள், ஊதினாள், மாட்டினாள். மூன்று மானிட்டர்களும் வெள்ளை. வண்டி வருவதற்குள் ரிப்போர்ட்டில் கையெழுத்தும் போட்டாள்.

காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு சொம்பு முழுக்கக் குடித்தாள். சாயங்காலம் சைதாப்பேட்டை வீட்டில் அக்காவிடம் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள், கை நடுங்கியதைத் தவிர.

அது அக்காவுக்குத் தெரியாமல் போகவில்லை. தஹ்சீன் கொண்டுவந்த ரிப்போர்ட்டின் நகலில், 'சோதித்தவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்தின் கடைசி எழுத்து லேசாகக் கோணியிருந்தது. கீழே தேதி: 5.10.1998.