சுளுக்காத கால்

என் மகளை ஆட்டத்திலிருந்து விலக்கிவிட்டு, அவள் காலில் கட்டுப் போடச் சொன்னது நீங்கள்தான், டீச்சர். கட்டைப் போட்டவன் நான். அதனால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு வயது பதினொன்று. ஏடிஎச்டி இருக்கிறது. மனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது. காலையில் போடும் மாத்திரை பள்ளிக்கூடம் முடியும்வரை தாங்கும். உங்கள் கோலாட்ட ஒத்திகையோ மாலை ஏழு மணிக்கு. புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நீங்கள் பார்த்ததெல்லாம் மாத்திரையின் வேகம் அடங்கிப்போன நேரத்துப் பிள்ளையை மட்டும்தான்.

பொங்கல் விழாவுக்குப் பின்னல் கோலாட்டம். நடுவில் கம்பம், உச்சியிலிருந்து தொங்கும் கலர்க் கயிறுகள், ஆளுக்கொன்று. ஒருத்தி வெளியே போக வேண்டிய இடத்தில் உள்ளே புகுந்தால் பின்னல் மொத்தமும் சிக்கிக்கொள்ளும். என் மகள் வீட்டில் மின்விசிறிக் கம்பில் ரிப்பன் கட்டி, நாற்காலிகளை மற்றப் பிள்ளைகளாக நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் பழகினாள். எதையும் பாதியில் விடுகிற பிள்ளை இதை விடவே இல்லை.

கடைசி ஒத்திகையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பிள்ளையால எல்லாரோட கயிறும் சிக்கிடும் லா.”

“நல்லாத்தானே ஆடுறா?”

“இன்னைக்கு ஆடுறா. நாளைக்கு? கால் சுளுக்குன்னு சொல்லிடுங்க. ஒரு பேண்டேஜ் சுத்தி விடுங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உங்களுக்குத்தான் நல்லது.”

‘யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க’ என்ற அந்தச் சொல்லில்தான் விழுந்தேன். அவளுக்கு என்ன இருக்கிறது என்று சொந்தக்காரர்களிடம்கூட நான் சொன்னதில்லை. என்ன மாத்திரை என்று கேட்டால் சத்து மாத்திரை என்பேன். கார் பார்க்கிங்குக்காகச் சண்டை போடும் நான், அன்று “சரி” என்றேன்.

விழாவன்று கட்டுப் போடும்போது அவள், “எனக்கு வலிக்கவே இல்லையேப்பா” என்றாள். “சும்மா இரு” என்று அதட்டினேன்.

சிராங்கூன் சாலை மண்டபத்தில், பட்டுப்பாவாடையோடு அவளை மேடையோரம் உட்காரவைத்து, மற்றப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். பாட்டு வந்ததும் கட்டுப் போட்ட காலோடு எழுந்து குதித்தாள். என் பக்கத்தில் இருந்த அம்மாள் சிரித்தார்.

“வாலு லா உங்க பொண்ணு! ஆடச் சொன்னா சுளுக்கு, உக்காரச் சொன்னா டான்ஸு!”

நானும் சேர்ந்து சிரித்தேன். பொய் சொன்னது நான், பொய்க்காரி ஆனது அவள்.

பிறகு உங்கள் கெட்டிக்கார மாணவி ஒருத்தி தப்பான பக்கம் புகுந்தாள். கயிறெல்லாம் சிக்கிக்கொண்டது. மண்டபமே சிரித்துக் கைதட்டியது. “பரவால்ல, குழந்தைங்கதானே!” என்றீர்கள். நானும் தட்டினேன்.

வீடு திரும்பும்போது காரில் மகள் கேட்டாள். “அவ தப்பு பண்ணா கிளாப் பண்றாங்க. நான் தப்பே பண்ணல. எனக்கு ஏன்ப்பா பேண்டேஜ்?”

அதற்குப் பிறகு அவள் ரிப்பனைத் தொடவில்லை. பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கேட்டால், “நான் வேணாம், ஸ்பாயில் பண்ணிடுவேன்” என்கிறாளாம். எந்த டாக்டரும் சொல்லாததை நாம் இருவரும் சேர்ந்து அவளை நம்ப வைத்துவிட்டோம்.

நேற்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கோலாட்டப் பிள்ளைகளின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன்: அவள் காலுக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு ஏடிஎச்டி, பொய் சொன்னவன் நான். எழுதும்போது வெட்கத்தில் காது சுட்டது. உடனே எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினீர்கள். “அண்ணே, அதை டிலீட் பண்ணிடுங்க. நாம நேர்ல பேசிக்கலாம்.”

தனியாகப் பேசித்தான் இவ்வளவும் ஆனது. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு அவளையும் கூட்டி வருகிறேன். எல்லார் முன்னாலும், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், டீச்சர்: ஆடத் தெரிந்த பிள்ளையை ஏன் ஆட விடவில்லை?