பொட்டு வைக்காத தறி

சர்க்கார் வியாபாரத்தில் தலையிடலாமா கூடாதா என்று பேப்பரில் இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தலையிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அதைச் சொல்ல வாயெடுத்தால் பொதட்டூர்பேட்டையில் ஒரு தெரு நினைவுக்கு வருகிறது. சொல்லாமல் விட்டுவிடுகிறேன்.

யுத்த காலம். மில் நூல் வருவது குறைந்துவிட்டது. வந்ததையும் வியாபாரிகள் பதுக்கி, வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். சர்க்கார் கன்ட்ரோல் கொண்டுவந்தது. வீட்டில் எத்தனை தறி ஓடுகிறதோ அதற்குத் தக்கபடி கார்டுக்கு நூல். நியாயமான ஏற்பாடு. திருத்தணியில் வாத்தியாராக இருந்த என்னை, தறி எண்ண வந்த அதிகாரியோடு எழுதுவதற்கு அனுப்பினார்கள். பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணுகிறவன் நான். சந்தோஷமாகவே போனேன்.

நாங்கள் போனது சரஸ்வதி பூஜைக்கு மறுநாள். கார்டு நூல் போதாததால் பல வீடுகளில் ஓடாத தறி ஒன்றையும் கணக்குக்காக நட்டு வைத்திருந்தார்கள். என் அக்கா வீட்டுக்கு முந்தின வீட்டில் மூன்று தறி. வீட்டுக்காரர் தறிக்குழியை விட்டு எழுந்து கும்பிட்டார். அதிகாரி சுற்றிப் பார்த்தார். இரண்டு தறிகளில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. மூன்றாவதில் இல்லை.

"இதுக்கு மட்டும் ஏம்மா பொட்டு வைக்கல?"

வீட்டுக்காரரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "அது சும்மா நிக்கிதுங்க. அத்தப் போயி சாமி கிட்ட எப்படிங்க தறின்னு காட்டறது?"

சர்க்காரிடம் சொல்ல முடிந்த பொய்யைச் சரஸ்வதியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பொய்த் தறி இருந்தால் கார்டு ரத்து என்பது விதி. அதிகாரி கார்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நான் எழுதினேன். சர்க்கார் என்றால் ஆளைப் பார்க்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவன் அல்லவா, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்தது அக்கா வீடு. அங்கேயும் மூன்று தறி. அங்கேயும் இரண்டில்தான் பொட்டு. அக்காவின் வீட்டுக்காரர், என் பாவா, சுவரோரமாக நின்றிருந்தார்.

"வாடா, மோர் குடிக்கிறியா?" என்றாள் அக்கா.

"உங்களுக்கு வேண்டியவங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"கூடப் பிறந்த அக்காங்க."

அவர் மூன்றாவது தறிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "ரெண்டு தறின்னு போட்டுக்குங்க வாத்தியாரே. கார்டு இருக்கட்டும்."

நான் கேட்கவில்லை. கேட்காமலே கிடைத்தது. எழுதிவிட்டேன். அக்காதான் விடவில்லை.

"பக்கத்து வூட்டுக்கும் அதேமாரி எழுதச் சொல்லேன்டா. அவங்களுந்தான் ரெண்டு தறி ஓட்டிகினு கீறாங்க."

"எழுதினதை எப்படிம்மா அடிக்கிறது?" என்றார் அதிகாரி.

"நீ சும்மா இரு. இருக்கிறதும் பூடப்போவுது," என்று பாவா அவளை அடக்கினார்.

நான் மோரைக் குடித்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது, டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாடு ஒரு நூல் வியாபாரி வீட்டில். இருப்பு எவ்வளவு என்று அதிகாரி கேட்டார், அவர் சொன்னார், நான் எழுதினேன். பின்கட்டுக் கதவைத் திறக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அங்கே நான் எண்ணியது அப்பளத்தை மட்டும்தான்.

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் கள்ள மார்க்கெட்டில் நூல் வாங்கிக் கட்டுப்படியாகாமல், தன் தறிகளை நிறுத்திவிட்டு, பாவாவின் இரண்டாவது தறியில் கூலிக்கு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் மிதியை நிறுத்தவில்லை.

"வாங்க வாத்தியாரே. எண்ணிக்கோங்க. ரெண்டும் நெசமாவே ஓடிகினு கீது."

பாவா சிரித்தார். அவரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றேன்.