புஸ்பத்தின் இடக்கை

புஸ்பம் வென்றெடுத்தவை இவை. 2004 டிசம்பர் 26 காலை நாவலடியில் வீட்டையும் புருசனையும் கொண்டுபோன கடலிடமிருந்து தன் உயிரும் மகன் ரதீஸின் உயிரும். 2005 பெப்ரவரி 11 அன்று, அகதிமுகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகு, நான்கு மாதத்தில் நடை. 2007 மார்ச்சில் தோள். நவம்பரில் முழங்கை. விரல்கள் கடைசியாக. இடக்கையால் எழுதுகிறாள் என்று வாத்தியார் அடித்ததால் இரண்டாம் வகுப்போடு நின்றவளுக்கு, ஐம்பது வயதில் அதே கையால் எழுத்து.

அவளுடைய அண்ணன் வினாயகமூர்த்திக்கு இந்தத் தேதிகள் எல்லாம் மனப்பாடம். கல்லடியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர். ஒரே ஒரு தேதியைத்தான் அவர் யாரிடமும் சொல்வதில்லை. 2005 ஓகஸ்ட் 16.

அன்று கிராம சேவகர் முகாமுக்கு ஒரு படிவம் கொண்டுவந்தார். கடலோடு போய் உடல் கிடைக்காதவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுப்பதற்கானது. கையெழுத்து வராதவர்கள் இடது பெருவிரலை வைத்தால் போதும். புஸ்பத்தின் இடக்கை பெருவிரலை உள்ளே வைத்துப் பொத்தியபடியே இறுகிக் கிடந்தது. வினாயகமூர்த்தி அதைப் பிரித்து, விரலை வெளியே இழுத்து, மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினார். என்ன தாள் என்று சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் விழுந்துவிடுவாள் என்று பயம்.

“அது ஆர்ர கை அண்ணன்?” என்று கேட்டாள் புஸ்பம்.

“உன்ர கைதான் புள்ள.”

“எனக்கு ஒண்டும் தெரியல்ல.”

புருசனின் மரணச் சான்றிதழ் வந்த பிறகுதான் அவளுக்கு விசயம் விளங்கியது. அழவில்லை. ஏசவுமில்லை. “இனி என்ர கையை ஒருத்தரும் பிடிக்கப்படாது” என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வருசம் ஜூனில் ரதீஸ் லொறி வேலைக்கு வன்னிக்குப் போனான். ஓகஸ்டில் யுத்தம் மூண்டு வன்னிக்கான பாதை பூட்டுப்பட்டது. சுற்றிச் சுற்றி வந்த அவனுடைய கடிதங்களை அண்ணன் வாசித்துக் காட்டுவார். அந்தக் காலத்தில்தான் புஸ்பம் கைக்குப் பயிற்சி எடுக்கத் தொடங்கினாள். பயிற்சி கொடுக்க ஏறாவூரிலிருந்து வந்த ஸுஹைனா அவளுடைய முன்னங்கையில் வயர் பூட்டிய இரண்டு ஒட்டுகளை ஒட்டி மின்பெட்டியின் பொத்தானை அழுத்துவாள். கரண்ட் ஏறும். விரல்கள் தாமாக விரியும், வேறு யாருடையதோ போல.

“புஸ்பக்கா, இண்டைக்கி என்ன தெரியுது?”

“எறும்பு ஊருது புள்ள. எங்க ஊருதெண்டுதான் தெரியல்ல.”

பிறகு ஸ்பிரிங் வைத்த ஒரு கையுறை கொடுத்தார்கள். ஸ்பிரிங் விரல்களை விரித்துப் பிடிக்கும். அதற்கு எதிராக அவள் மூட வேண்டும். பந்தை எடுக்க வேண்டும், வைக்க வேண்டும். நாளுக்கு முந்நூறு தடவை. 2008 ஜூனில் ஒரு ஸ்பிரிங் அறுந்தது. புதியது வெளிநாட்டிலிருந்து வர ஆறு மாதமாகும் என்றார்கள். வினாயகமூர்த்தி சைக்கிள் பிறேக் ஸ்பிரிங் ஒன்றைக் கழற்றிப் பூட்டினார். கட்டிவிட்ட கணமே புஸ்பத்தின் சுட்டுவிரல் விறைத்து நிமிர்ந்து அவருடைய முகத்துக்கு நேரே நீட்டி நின்றது.

ஸுஹைனா சிரிப்பை அடக்க முடியாமல், “அண்ணனத்தான் புடிச்சிக் குடுக்குது!” என்றாள்.

“அது சரியாத்தான் காட்டுது” என்றாள் புஸ்பம். அவள் சிரிக்கவில்லை.

வினாயகமூர்த்தி ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டு போனார். சூடாக்கி, இழுத்து, இளக்கி, பதினொரு தடவை மாற்றிப் பூட்டினார். பன்னிரண்டாவது தடவை விரல் மெல்ல விரிந்தது, மெல்ல மூடியது.

ரதீஸின் கடைசிக் கடிதம் 2009 ஜனவரியில் வந்தது. மே மாதம் யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்னது. தெருவில் வெடி கொளுத்தினார்கள். புஸ்பம் பந்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் ஸுஹைனாவிடம், “பந்து எடுத்தது காணும் புள்ள. என்ர பேர எழுதிக் காட்டு” என்று கேட்டாள். “மகன்ர பேப்பர் எண்டு ஒண்டு வரும். அதுக்கு நான்தான் எழுதோணும்.”

பெயரின் நடுவில் வரும் ‘ஸ்’ மட்டும் அவளுக்கு ஐந்து மாதம் எடுத்தது.

பேப்பர் 2011 இல் வந்தது. வந்தது இரண்டு. ஒன்று காணாமற்போனவரைத் தேடித் தரும்படி கேட்பது. மற்றது மரணச் சான்றிதழுக்கானது.

“தேடச் சொன்னா அலைச்சல்தான் அம்மா. மற்றதெண்டா கெதியா முடியும்” என்றார் புதிதாக வந்திருந்த கிராம சேவகர். “எதெண்டாலும் பெருவிரல் வெச்சாக் காணும்.”

வினாயகமூர்த்தியின் கை பழக்கத்தில் முன்னே போனது. புஸ்பம் அவரைப் பார்த்தாள். அவர் கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

“ரெண்டையும் வாசி அண்ணன். ஒரு வரியும் விடாம.”

அவர் வாசித்தார். இந்த முறை ஒரு சொல்லும் ஒளிக்கவில்லை. ‘மரணமடைந்ததாக நம்புகிறேன்’ என்ற இடத்தில் அவருடைய குரல் நின்றது. நின்று, மறுபடி அதையே வாசித்தார்.

புஸ்பம் தேடச் சொல்லும் முதல் படிவத்தை இழுத்தெடுத்தாள். வலக்கையால் பேனையை எடுத்து இடக்கை விரல்களுக்குள் செருகினாள்.

“நேரம் போகுதம்மா” என்றார் கிராம சேவகர்.

“இருங்க தம்பி. இது என்ர மகன்ர பேப்பர்.”

ஒவ்வொரு எழுத்தாக வந்தது. கை நகர நகர, எழுதிய மை உள்ளங்கையில் இழுபட்டது.

“பேனை பிடிச்சது தெரிஞ்சதா புள்ள?” என்று கேட்டார் அண்ணன்.

“அரைவாசி தெரிஞ்சது.”

அந்தப் படிவத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அதன் அடியில் யாரும் கையைப் பிடிக்காமல் எழுதிய கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் தேதி: 2011 மார்ச் 24, வியாழக்கிழமை.